கொடி இறங்காத நாள்

அந்த நாட்டுக்கு விடுதலை வந்த அன்று துரையின் கொடி இறங்க மறுத்துவிட்டது. கயிறு உச்சியில் சிக்கிக்கொண்டது. கலகக்காரர்கள் ஏறிவிடக் கூடாதென்று கம்பம் முழுக்க விளக்கெண்ணெய் பூசி வைத்திருந்தவரும் துரைதான். அதில் காக்கை உட்கார்ந்தாலும் வழுக்கி விழும். கடைசியில் ஊருக்கு வெளியே குடியிருந்த பனையேறி கொப்பையாவை அழைத்துவந்தார்கள். அவன் கைகாலில் சாம்பலைப் பூசிக்கொண்டு ஏறிவிட்டான்.

பாண்டு வாத்தியம் முழங்கியது. அது தொடங்கிவிட்டால் கொடி இறங்கும்வரை யாரும் அசையக் கூடாது என்பது சட்டம். துரை, புதிய தலைவர் அம்பலவாணர், ஊர்க்காரர்கள் எல்லோரும் விறைத்து நின்றார்கள்.

“ஐயா, இனிமே எங்க சனம் ஊருணியில தண்ணி மொண்டுக்கலாமா?” என்று மேலிருந்து கேட்டான் கொப்பையா.

“மொதல்ல விடுதலை வரட்டும்டா. மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்,” என்றார் தலைவர், உதடு அசையாமல்.

“அதுவும் சரிதானுங்க.”

உச்சியிலிருந்து ஊருணி நன்றாகத் தெரிந்தது. அதன் காவல்காரனும் கம்பத்தடியில்தான் நின்றான். கொப்பையா தலைத்துண்டை அவிழ்த்து வீசிக் காட்டினான். சற்று நேரத்தில் அவன் பெண்டாட்டி இருளாயி முன்னே வர, குடங்கள் வரிசையாகப் படியில் இறங்கின.

தலைவரின் கடைக்கண்ணில் அது பட்டுவிட்டது. “டேய், அங்க என்னடா நடக்குது? சீக்கிரம் அவுறுடா.”

“முடிச்சு ரொம்ப இறுகிக் கெடக்குதுங்க,” என்றான் கொப்பையா பணிவாக. எப்போதோ அவிழ்ந்துவிட்ட கயிற்றைக் கம்பத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்துக் கட்டினான்.