கழற்ற முடியாத ஷாஃப்ட்

"பொம்பளை கையில ஸ்பேனரைக் கொடுத்தா இப்படித்தான்!" என்றான் கலையரசன், பட்டறை முழுக்கக் கேட்கும்படி.

சித்ராதேவி நிமிரவில்லை. வையம்பட்டியில் டிராக்டர் பட்டறை வைத்து ஒன்பது வருஷம். இந்தப் பேச்சைக் கேட்காத மாதம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் வேலையை முடித்துக் காட்டித்தான் பதில் சொல்வாள்.

இன்றைக்கு ஷாஃப்ட் அசைய மறுத்தது.

டிராக்டரின் சுழற்சியை, மண்ணைக் கிளறி உழும் ரோட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அது. வளைந்துபோயிருந்தது. கழற்றிவிட்டுப் புதிது மாட்டினால்தான் வயலில் இறக்க முடியும். அதன் முனையோ ரோட்டவேட்டரின் கியர்பாக்ஸில் துருவோடு துருவாகக் கவ்விக்கொண்டதுபோல இருந்தது. டீசல் ஊற்றி ஊறவைத்தாயிற்று. புல்லர் போட்டு இழுத்தாயிற்று. மணி பன்னிரண்டு.

"சீக்கிரம் கழட்டும்மா. ரோட்டவேட்டரை நான் எடுத்துட்டுப் போகணும்" என்றான் கலையரசன்.

"நீங்க எதுக்கு எடுத்துட்டுப் போகணும்?" என்றாள் யமுனா. கலையரசனின் அண்ணி. காலையில் மருங்காபுரியிலிருந்து லோடு வண்டியில் ரோட்டவேட்டரைக் கொண்டுவந்து இறக்கியவள் அவள்தான். கணவர் தவறி எட்டு மாதம் ஆகிறது.

"பில் என் பேர்ல இருக்கு அண்ணி."

"மானியம் ஆளுக்கு ஒண்ணுதான்னு சொன்னதால உங்க பேர்ல போட்டாரு உங்க அண்ணன். ஒரு நாளாவது இதை நீங்க ஓட்டியிருக்கீங்களா தம்பி?"

"அதெல்லாம் பில்லுல எழுதலையே."

யமுனா சித்ராதேவியின் பக்கம் திரும்பினாள். "அக்கா, அவரு புதுசா வாங்கினதும் உங்ககிட்டதானே கொண்டு வந்தாரு? நீங்களாவது சொல்லுங்க."

"உங்க வீட்டு விவகாரத்துக்கு என்னை இழுக்காதீங்க. எனக்கு இரும்பு தெரியும், அவ்வளவுதான்."

யமுனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கலையரசனோடு வந்திருந்த வீரமலை செல்போனை எடுத்து வீடியோ பிடிக்க ஆரம்பித்தான். "டிராக்டர்காரங்க குரூப்ல போடறேன். இனிமே யாரு இங்க வண்டியை விடறாங்கன்னு பாக்கலாம்."

"போடுங்க. முகம் சரியா விழுதான்னு பாத்துக்குங்க" என்றாள் சித்ராதேவி.

பொறுமையிழந்த கலையரசன் பெரிய சுத்தியலைத் தூக்கினான். நாலு அடி. ஐந்து. சட்டை நனைந்ததுதான் மிச்சம். கையை உதறிக்கொண்டு சுத்தியலைக் கீழே போட்டான்.

"வரலை இல்ல?" என்றாள் அவள்.

"எடமலைப்பட்டி புதூருக்கு ஏத்திட்டுப் போறேன். அங்க ஆம்பளைங்க பட்டறை இருக்கு."

"தாராளமா போங்க. அங்கேயும் கேஸ் கட்டர் வச்சு அறுத்துத்தான் எடுப்பாங்க. அறுத்தா கியர்பாக்ஸ் போச்சு. புது கியர்பாக்ஸ் போடுறதுக்கு நீங்க புது ரோட்டவேட்டரே வாங்கிடலாம்."

கலையரசன் வீரமலையைப் பார்த்தான். வீரமலை உதட்டைப் பிதுக்கினான்.

"அப்ப இது காயலாங்கடைக்குத்தானா?"

"நான் என்னத்தைச் சொல்றது? உங்க கண்ணாலேயே பாத்தீங்களே."

"காயலாங்கடைக்கு யாரும் தூக்க வேண்டாம்!" யமுனா ரோட்டவேட்டருக்கு முன்னால் வந்து நின்றாள். "ஓடினாலும் ஓடாட்டாலும் இது அவரு ஆசைப்பட்டு வாங்கினது. என் வீட்டு வாசல்லயே கிடக்கட்டும். இதைத் தொடணும்னா என்னைத் தள்ளிட்டுத்தான் தொடணும்."

கலையரசன் சிரித்தான். "இந்தத் துருப்பிடிச்ச இரும்புக்கா இவ்வளவு வீறாப்பு? எடுத்துக்குங்க அண்ணி. நல்லா வாசல்ல வச்சு பூஜை பண்ணுங்க."

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றாள் சித்ராதேவி. "நாளைக்கு நீங்க ஒண்ணு பேசுவீங்க, அவங்க ஒண்ணு பேசுவாங்க. நடுவுல என் பட்டறைக்குப் போலீஸ் வரும். யாருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க. இல்லைன்னா ரெண்டு பேருக்கும் தர மாட்டேன்."

"வேலை செய்யத் துப்பில்ல, எழுத்து மட்டும் வேணுமா!"

முணுமுணுத்துக்கொண்டே எழுதினான். ரோட்டவேட்டரில் தனக்கு எந்த உரிமையும் இல்லை, அண்ணி யமுனாவுக்கே விட்டுவிட்டேன் என்று எழுதி, கையெழுத்தும் போட்டான். வீரமலை சாட்சி. எழுதியதைப் படித்துப் பார்த்து, மடித்து, யமுனாவின் கையில் வைத்தாள் சித்ராதேவி.

இருவரும் சிரித்துக்கொண்டே தாங்கள் வந்த டிராக்டரைக் கிளப்பினார்கள். சத்தம் திண்டுக்கல் ரோட்டில் தேய்ந்து மறைந்தது.

யமுனா கண்ணைத் துடைத்தாள். குரல் மட்டும் இளகவில்லை.

"இந்த வட்டாரத்துலயே நீங்கதான் கெட்டிக்காரின்னு நம்பிக் கொண்டு வந்தேங்க்கா. நாளைக்கு உழவுக்கு ஆளுங்ககிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

சித்ராதேவி உள்ளே போய், கவர் பிரிக்காத புது ஷாஃப்ட் ஒன்றைத் தூக்கி வந்தாள்.

"உழவுக்குப் போங்க. பத்து நிமிஷத்துல இதை மாட்டித் தரேன்."

"பழசுதான் கழலவே இல்லையே! அவ்வளவு பேர் முன்னாடி நீங்க அவமானப்பட்டது வேற வீடியோவா ஊரெல்லாம் போகப் போகுது..."

"போகட்டும்மா" என்றபடி ரோட்டவேட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள் சித்ராதேவி. "பழசு காலையில நீங்க டீ குடிக்கப் போனப்பவே கழண்டுடுச்சு. 'கழட்டி வை, பில் என் பேர்ல இருக்கு, வந்து எடுத்துக்கறேன்'னு உங்க கொழுந்தனார் போன் பண்ணினாரு பாருங்க, அதுக்கப்புறம் அதைத் திரும்ப மாட்டி, ஷாஃப்ட்டைப் பிடிக்கிற லாக் பின்னை வளைச்சு உள்ளே அடிச்சு இறுக்கினது நான்தான்."