முப்பதாம் நாள் காலை

வால்வுக்குள் தீக்குச்சியை வைத்து அழுத்தியதும் காரின் பின் டயர் உஸ்ஸென்று மூச்சு விட்டது. காளிதாசன் குந்தியபடியே வீட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தான். யாரும் வரவில்லை.

உள்ளே தங்கை சாந்தினியின் புருஷன் ஜெயகுமார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். இந்தியாவிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு இப்போது விசா வேண்டாம், முப்பது நாள் இருந்துகொள்ளலாம். அவனுக்கு இன்றுதான் முப்பதாவது நாள்.

மாலை விமானத்தைத் தவறவிட்டால் நாளையிலிருந்து அவன் குற்றவாளி. பிடித்து உள்ளே வைப்பார்கள். பிறகு இந்த நாட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. பினாங்கு விமான நிலையத்துக்கு, இந்த புக்கிட் செலம்பாவில் அவசரத்துக்கு எந்தக் கார் கிடைக்கும் என்று பார்த்துவிடலாம்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால், "எங்கம்மாகிட்ட காட்டிட்டு வந்துர்றேன் மச்சான்" என்று மூன்று வயது மகள் நளினியைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தியாவுக்குப் போனவன் அவன். விமான நிலையம்வரை கார் ஓட்டியது காளிதாசன்தான். கையாட்டி வழியனுப்பியவனும் அவனே. அதோடு சரி. பிள்ளையைப் போனில்கூடக் காட்டவில்லை.

சாந்தினி யாரையும் திட்டவில்லை. பாக்டரிக்குப் போனாள், வந்தாள், பிள்ளையின் துணிகளை வாரம் ஒருமுறை வெயிலில் போட்டு மடித்து வைத்தாள். அந்த மௌனத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்றதில்லை காளிதாசன்.

அப்பா இறந்து, மெர்போக்கில் இருக்கும் ரப்பர் நிலம் பேத்தி பேருக்கு என்றானதும் ஜெயகுமாரின் போன் வந்தது. பிள்ளையும் நேரில் வர வேண்டும் என்று சாந்தினி சொன்னாள். நளினியின் பழைய பாஸ்போர்ட்டைச் சென்னையில் புதுப்பிக்க அவளே கடிதங்கள் அனுப்பினாள். திரும்பும் டிக்கெட் காட்டணும், தங்கும் முகவரி கேட்பார்கள் என்று அவனுக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். வருவதற்கு முன்னால் அனுப்பவேண்டிய வருகை அட்டையையும் தன் கைப்பேசியிலேயே நிரப்பினாள்.

"பிள்ளைக்கு?" என்று கேட்டான் காளிதாசன்.

"அவளுக்கு வேணாம்ணே."

சின்னப் பிள்ளைகளுக்குச் சலுகை போலிருக்கிறது என்று அவன் விட்டுவிட்டான்.

"என்னண்ணே பண்றீங்க?"

சாந்தினி பின்னால் நின்றாள். கையில் வழிச்சாப்பாட்டுப் பொட்டலம். காளிதாசன் தீக்குச்சியை மறைக்கவில்லை.

"காடி ஓடாது. உன் ஆளு இன்னிக்குப் போக மாட்டான். நாளைக்கு நானே இமிகிரேஷனுக்குப் போன் அடிச்சு அள்ளிட்டுப் போகச் சொல்றேன். அஞ்சு வருஷமா இதுக்குத்தான்லா காத்துக்கிட்டு இருக்கேன்."

"காத்து அடிங்க."

"பைத்தியமா உனக்கு? மறுபடியும் பிள்ளையத் தூக்கிக்கிட்டுப் போறான். மறுபடியும் நானே கொண்டுபோய் விடணுமா?"

"அவரு இன்னிக்குப் போயே ஆகணும்ணே. ஒரு நாள்கூடத் தாண்டக் கூடாது."

குரல் உயரவில்லை. ஆனால் அதற்கு மேல் பேச இடமும் இல்லை. காளிதாசன் மிதி பம்பை எடுத்து வந்து மிதித்தான். ஒவ்வொரு மிதிக்கும் பல்லைக் கடித்தான்.

ஜெயகுமார் சென்ட் மணக்க வெளியே வந்தான்.

"என்ன மச்சான், காலங்காத்தால எக்சர்சைஸா? வயித்தக் குறைக்கிறீங்களா?" பெட்டியைப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். "சாந்தினி, அந்தப் பேப்பரு என்னாச்சு? வக்கீல் ஆபீசுக்கு மூணு தடவ நடந்தியே?"

"வந்துருச்சுங்க. நேத்துதான் கொடுத்தாங்க."

"அப்படிச் சொல்லு! பாப்பா, சீக்கிரம் வா, லேட்டாவுது!"

"நான் வரலலா!" என்று வீட்டுக்குள்ளிருந்து நளினியின் குரல் வந்தது.

"பாருங்க மச்சான், ஒரே மாசத்துல உங்க ஊரு 'லா' போட்டுப் பேசக் கத்துக்கிட்டா!" ஜெயகுமார் தொடையில் தட்டிச் சிரித்தான்.

சாந்தினி கார் ஜன்னல் வழியாக ஒரு பழுப்பு உறையை நீட்டினாள். அவன் ஆவலாகக் கிழித்தான். முதல் வரியிலேயே சிரிப்பு நின்றது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினான்.

"என்னடி இது? நிலத்துப் பேப்பர்னு பார்த்தா கோர்ட்டு ஆர்டரா? பிள்ளைய நாட்ட விட்டு வெளிய கொண்டுபோகக் கூடாதா?"

"அம்மாகிட்டதான் இருக்கணும்னும் போட்டிருக்கு. அடுத்த பக்கம் பாருங்க."

காளிதாசனின் கால் பம்பின் மேலேயே நின்றுவிட்டது.

"நயமாப் பேசி வரவச்சு ஏமாத்துறியா?" ஜெயகுமாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "எனக்கும் வக்கீல் கிடைப்பான். எத்தன மாசம் ஆனாலும் சரி, இங்கயே உட்கார்ந்து கேசு நடத்துறேன். பிள்ளை இல்லாம நான் கிளம்ப மாட்டேன். ஒண்ணா வந்தோம், ஒண்ணாத்தான் போவோம்!"

சாந்தினி சாப்பாட்டுப் பொட்டலத்தை முன் சீட்டில் வைத்தாள். அவனுக்காகக் கார் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"அவ இந்த நாட்டுப் பிள்ளைங்க. முப்பது நாள் உங்களுக்குத்தான்."