சந்திமா டீச்சர் சொன்னது

“டீச்சர் என்னா சொல்றாங்க?” என்று கேட்டார் அந்தோனிமுத்து.

“எனக்குக் கணக்கு வரலையாம்ப்பா,” என்றாள் ஷாமிலா. “கூட்டல் பரவாயில்லையாம். கழித்தல்தான் மோசமாம்.”

சந்திமா டீச்சர் மூச்சுவிடாமல் வெகுநேரம் பேசியிருந்தார். அவ்வளவும் ஒரு கழித்தலுக்குத்தானா என்று அந்தோனிமுத்துவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைத்தெருச் சிங்களம். எவ்வளவு, வேண்டாம், சரி. டீச்சரின் சிங்களம் அதற்குள் அடங்காது. டீச்சருக்கோ தமிழில் ஒரு சொல்லும் வராது. இருவருக்கும் நடுவில் நின்று இந்தப் பேச்சை அந்தப் பக்கமும் அந்தப் பேச்சை இந்தப் பக்கமும் கடத்திக்கொண்டிருந்தது, இரண்டாம் வகுப்பில் படிக்கும் அவருடைய மகள்தான்.

வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஓங்கி வளர்ந்துவிடாமல் கவ்வாத்து வெட்டுகிறவர் அவர். தோட்டத்திலேயே தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தும், மகளை ஹட்டன் டவுனில் சிங்களப் பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தது அவருடைய பிடிவாதம். “பாஷை தெரியாத எடத்துல புள்ள தெணறிப் போயிரும்” என்று மனைவி ரோசலின் ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இரண்டாம் வகுப்பு முடியும்போது, நன்றாகப் படிக்கிறாள் என்று டீச்சர் வாயாலேயே வரவேண்டும். வந்தால் டவுன் பள்ளி. வராவிட்டால் ஜனவரியில் தோட்டத்துப் பள்ளி. அதைக் கேட்கத்தான் வேலையை விட்டுவிட்டு, கல்யாணங்களுக்குப் போடும் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி மறுபடி பேசினார்.

“சுற்றாடல் பாடமும் மோசமாம்ப்பா. மரம், பறவை ஒண்ணுமே தெரியலையாம்.”

“தேயிலைக்குள்ள பொறந்த புள்ளைக்கு மரம் தெரியலையா?”

“தேயிலை மரமில்லையாம். செடியாம்.”

அந்தோனிமுத்துவுக்குச் சுருக்கென்றது. “நாங்க வெட்டாம விட்டா அதுவும் மரந்தான். டீச்சர்கிட்ட சொல்லு.”

ஷாமிலா சொன்னாள். ரொம்பச் சுருக்கமாகச் சொன்னாள். டீச்சர் முகமெல்லாம் மலர்ந்து அவரைப் பார்த்துக் கைகூப்பினார். தப்பை ஒத்துக்கொள்ளக்கூடிய நல்ல மனுஷி என்று அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

“சிங்களப் பாடம் எப்படியாம்?”

“அதுதாம்ப்பா எல்லாத்தையும் விட மோசமாம்.”

“இப்ப டீச்சர்கூட தண்ணி மாதிரி பேசுறியே?”

“இது பேச்சுச் சிங்களம். பரீட்சைக்கு எழுத்துச் சிங்களத்துல எழுதணும்.”

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. “இங்கிலீசு?”

“ஏ பி சி-யே நடுவுல கொஞ்சம் விட்டுப் போகுதாம்.”

“சமயப் பாடம்?”

ஷாமிலா கொஞ்சம் யோசித்தாள். “சமயத்துல மட்டும் கொறை சொல்லலப்பா.”

மாதாவே, அதாவது மிஞ்சியதே என்று அவர் சட்டைக்குள் கிடந்த ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டார். “ஆமா, இம்புட்டுக் கொறை சொல்றவங்க ஏன் சிரிச்ச மொகமாவே இருக்காங்க?”

“அவங்க அப்படித்தாம்ப்பா.”

இருக்கும். தோட்டத்துப் பெரிய கிளாக்கர்கூடச் சிரித்துக்கொண்டேதான் லீவு இல்லை என்பார்.

இப்போது டீச்சர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ‘நுவர’ என்ற ஒரு சொல் மட்டும் அந்தோனிமுத்துவுக்குப் பிடிபட்டது. கண்டியைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

“கண்டிய ஏன் இழுக்குறாங்க?”

“கண்டியில இருக்குற புள்ளைங்க எல்லாம் என்னைய விட நல்லா படிக்கிறாங்களாம்.”

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. ரோசலின் சொல்லிக்காட்டப் போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தன் ஆசைக்காக இந்தச் சின்னஞ்சிறுசை விடியுமுன் எழுப்பி, பஸ்ஸில் நெரிய விட்டு, புரியாத பாடத்தில் வாட்டி எடுத்துவிட்டோமே என்று நெஞ்சு கனத்தது.

“சரிம்மா. ஜனவரியில ஒன்னையத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயே சேத்துர்றேன்னு சொல்லு. இத்தன நாளு பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றின்னும் சொல்லு.”

ஷாமிலா சொன்னாள். சந்திமா டீச்சரின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. நம்பாதவர் போலத் திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு “அனே...” என்று பரிதாபப்பட்டு ஷாமிலாவின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அதிபரின் அறைக்குப் போனார். மக்குப் பிள்ளைக்காகவும் அழுகிற டீச்சர்! இவரிடமே ஏறாத படிப்பு வேறு எங்கே ஏறப்போகிறது?

புத்தகங்களை எல்லாம் பையில் அடைத்துக்கொண்டு தகப்பனும் மகளும் கேட்டுக்கு வந்தபோது, காவலாளி பொன்னையா அதிபர் அறைப் பக்கமிருந்து வேகமாக வந்தார். இரண்டு பாஷையும் தெரிந்த மனிதர்.

“என்னாண்ணே இப்புடிப் பண்ணிட்டீங்க? வகுப்புலயே மொதப் புள்ள! கண்டி கொன்வென்ட்டுல தங்க வச்சுச் சும்மாவே படிக்க வைக்கிறோம்னு சிஸ்டர்மாரு எடம் குடுத்தாங்களாம். அதப்போயி வேணாம்னுட்டீங்கன்னு டீச்சர் உள்ள அழுதுக்கிட்டு இருக்காங்க!”

அந்தோனிமுத்து திரும்பி மகளைப் பார்த்தார். மகள் தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தாள்.

“நான் கண்டிக்குப் போயிட்டா, ஒங்களுக்கு யாருப்பா சிங்களத்துல பேசிக் குடுப்பா?”