நத்தைக் கூட்டின் பருமன்

ஓர் ஆலையின் காற்றழுத்த இயந்திரத்துக்குள் ஒரு சக்கரமும், அதைச் சுற்றி நத்தை ஓடு போல வளைந்த ஒரு கூடும் குடித்தனம் நடத்தி வந்தன. சக்கரம் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் தரம் சுழன்று காற்றை வீசும். கூடு அதை வாங்கிச் சுற்றிக் கூட்டிக்கொண்டு போய்க் குழாய் வாசலில் விடும். தொடக்கத்தில் ஒடுங்கி, போகப் போக அகலும் உடம்பு அதற்கு.

அந்த உடம்பைக் கண்டாலே சக்கரத்துக்கு ஆகாது.

"நான் பறக்கவிடுற காத்தை நீ நடக்கவிடுற. உட்கார்ந்து உட்கார்ந்து பெருத்துட்டே போற" என்று தினமும் கரித்துக்கொட்டும்.

"ஓடி வந்த பிள்ளை, கொஞ்சம் நிதானிக்கட்டுமே" என்று கூடு சிரித்துக்கொள்ளும்.

ஒருநாள், இடம் மிச்சமாகும் என்று ஆட்கள் அந்தக் கூட்டைக் கழற்றிவிட்டு ஒல்லியான புதுக் கூடு ஒன்றை மாட்டினார்கள். சக்கரத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எல்லாம் அரைமணி நேரம்தான். வீசிய காற்று போக இடமில்லாமல் முட்டி மோதி, ஒரு பக்கமாகச் சேர்ந்து சக்கரத்தையே நெட்டித் தள்ளியது. அச்சு முனகியது. அழுத்தமானியின் முள் ஏறவே மாட்டேன் என்றது.

"கொஞ்சம் நகரேன்" என்று கெஞ்சியது சக்கரம்.

"எங்கே நகர? நான் இவ்வளவுதான்" என்றது புதுக் கூடு.

மூன்றாம் நாள், மூலையில் கிடந்த பழைய கூட்டைத் தூசி தட்டித் திரும்ப மாட்டினார்கள். காற்று தாராளமாகச் சுற்றி, நிதானமாகி, அழுத்தம் கூடி வெளியேறியது. முள் விறுவிறுவென்று ஏறியது.

சக்கரம் மெல்லக் கேட்டது:

"மூலையில கிடந்து ரொம்ப இளைச்சுட்டியோ?"