தலைகீழ் இங்கிலீஷ்

"பொண்ணு இங்கிலீஷ் பேசுவாளோ? எங்க செல்லப்பா ஏலூர் கம்பெனியிலே ஆபீசராக்கும்" என்றாள் அத்தை, நேந்திரங்காய் வறுவலை மென்றுகொண்டே.

அத்தை வந்ததிலிருந்து குறைப்பட்டுக்கொண்டேதான் இருந்தாள். பாலக்காட்டில் எத்தனையோ ஜாதகம் இருக்க, இவனுக்கு மட்டாஞ்சேரிப் பெண்ணைத்தான் பார்க்க வேண்டுமாம். ஒரே பிடிவாதம்.

திரிபுரசுந்தரிக்கு இந்தக் கல்யாணத்தில் துளிகூட இஷ்டமில்லை. காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த இடமும் தட்டிப்போனால் மனுஷர் தாங்க மாட்டார்.

சரி, பேசித் தொலைப்போம் என்று வாயைத் திறந்தாள்.

வந்த வினை அங்கேதான். சுக்குக் கிடங்குக்கு மேலே நடந்த சாயங்கால டுட்டோரியலில் அவள் படித்தது முழுக்க உசத்தி இங்கிலீஷ். ஆளை முன்னால் வைத்துப் பேசுகிறவன் பாமரன், 'இல்லை'யும் வினைச்சொல்லும் முதலில் வர வேண்டும், ஆள் பின்னால்தான் வர வேண்டும் என்பது மாஸ்டரின் கொள்கை. சௌக்கியமா என்று கேட்க அவர் சொல்லித்தரவேயில்லை.

"நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ ஹேண்ட்ஸம் ஹார்ஸ்!"

இப்பேர்ப்பட்ட அழகான குதிரையை நான் கண்டதே இல்லை. மாப்பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிட்டாள், பாவி.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அத்தை செல்லப்பாவின் பக்கம் திரும்பினாள். "என்னடா சொல்றா?"

"சமையலெல்லாம் நன்னா வருமாம், அத்தை."

கூசாமல் புளுகிவிட்டு, அதுவரை குனிந்தே இருந்தவன் நிமிர்ந்தான். அவளிடம் இழுத்து இழுத்துச் சொன்னான்:

"நார் வில் யூ ஃபைண்ட் எ பெட்டர் ஒன்."

இதைவிட நல்லது உனக்குக் கிடைக்கவும் கிடைக்காது.

அவள் சட்டென்று அவனைப் பார்த்தாள். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பதில், மாஸ்டரே இட்டுக்கட்டியது. வகுப்பில் பெண்கள் குதிரையைப் புகழ்ந்து முடித்ததும், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ஆண்கள் கோரஸாகச் சொல்லுவார்கள்.

எல்லோரும் முடித்த பிறகும் ஒரு குரல் மட்டும் தனியாக இழுத்துக்கொண்டு வரும்.

முகம் தெரியாத அந்தக் குரலுக்காகத்தான் திரிபுரசுந்தரி ஒருநாள்கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை.