ரெண்டாவது ஆன்டெனா

முடிச்சூர் ஷெட்டில் ஸ்ரீவத்சன் சொந்தமாகக் கட்டிய குட்டி விமானம் மறுநாள் பறக்க வேண்டும். ஜிபிஎஸ் ஆன்டெனா பொருத்துவது மட்டுமே பாக்கி.

"பிளேன் கூரை மேல வைங்க. அங்கதான் வானத்தை எதுவும் மறைக்காது," என்றாள் மனைவி மிருதுளா.

"மொத்தம் ரெண்டு ஆன்டெனா. அங்க ஒண்ணுக்குத்தான் இடம். இன்னொண்ணு வால்கிட்ட. அங்க சிக்னல் சுமார்தான்."

"வழி பார்க்க ஒண்ணு போதுமே?"

அவன் தயங்கினான். "இன்னொண்ணு எனக்கு. நாளைக்கு நீ ஓட்டிட்டுப் போனப்புறம், எங்க இருக்கேன்னு என் செல்லுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும்."

கட்டியது அவன்தான். பைலட் லைசென்ஸ் அவளிடம்தான் இருந்தது.

"கட்டும்போது வராத பயம், நீ ஏறப்போறேன்னதும் வருது மிருது."

மிருதுளா அவனுடைய ஆன்டெனாவை வாங்கிக் கூரைமேல் வைத்தாள்.

"என்னோடது வால்கிட்ட இருக்கட்டும். ரயில் தண்டவாளத்தைப் பார்த்தே எனக்கு வீட்டுக்கு வரத் தெரியும்."