பிளாஸ்டிக்குக்குள் முத்திரை

"பாப்பாவோட அப்பா சம்மதக் கடிதம் எங்கம்மா?" விமான நிலையக் குடியேற்றக் கவுண்டரில் அதிகாரி கேட்கிறார். அம்மா நீதிமன்ற உத்தரவை நீட்டுகிறாள். பிள்ளை முழுக்க இவள் பொறுப்பு என்று சொல்லும் அந்தத் தாள் லேமினேஷனில் பளபளக்கிறது. தாளில் புடைத்திருக்க வேண்டிய முத்திரையின் மேட்டைத் தேடும் அவர் கட்டைவிரலுக்கு வழவழ பிளாஸ்டிக்தான் தட்டுப்படுகிறது. "இதைப் போய் யாராவது லேமினேட் பண்ணுவாங்களா?" அம்மா பதில் சொல்வதற்குள் எக்கி நிற்கும் மகள் முந்திக்கொள்கிறாள்: "நான் பால் கொட்டிடுவேன்னு அம்மாவுக்குப் பயம், அங்கிள். ஏற்கனவே ஒரு பேப்பர்ல கொட்டிட்டேன்." உதட்டோரச் சிரிப்பை அடக்கியபடி அவர் தாளை விளக்குக்கு நேரே சாய்க்கிறார். வட்ட முத்திரை மெல்லிய நிழலோடு மேலெழுகிறது. டக். பாஸ்போர்ட்டில் விழுந்த ஈர மையை மகள் கன்னம் உப்ப ஊதுகிறாள். அம்மாவின் தோள்கள் இறங்குகின்றன. "இதையும் லேமினேட் பண்ணிடாதீங்கம்மா," என்கிறார் அதிகாரி, "இன்னும் நிறையப் பக்கம் காலியா இருக்கு."